நிற்கக் கூடாதவை எவை? மருத்துவமனை மின்சாரம் கற்றுத்தரும் சிக்கனப் பாடம்

சென்ற ஆண்டு ஆடி மாதம். என் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மாயி மூச்சுத்திணறலால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். மாலையில் பார்க்கப் போயிருந்தேன். கிணத்துக்கடவுப் பக்கம் ஆடிக்காற்று எப்படி வீசும் என்பது நம் மாவட்டத்து ஆசிரியர்களுக்குத் தெரியும். எங்கோ மரக்கிளை கம்பியில் விழுந்திருக்க வேண்டும்; கரண்ட் போனது. விளக்குகள் அணைந்தன, மின்விசிறிகள் நின்றன. அம்மாயியின் படுக்கையருகே இருந்த கருவி மட்டும் பச்சை எண்களைக் காட்டிக்கொண்டே இருந்தது. சில விநாடிகள் கழித்துத்தான் வெளியே ஜெனரேட்டர் உறுமும் சத்தம் கேட்டது.

"எல்லாம் நின்னுபோச்சுங்க சார். அந்த மெசின் மட்டும் எப்படிங்க நிக்கல?" என்று கேட்டான் அவன்.

"ஜெனரேட்டர் இருக்குல்லடா" என்று சொல்லிவிட்டேன். வண்டியில் திரும்பும்போதுதான் உறைத்தது, நான் சொன்னது தவறான விடை. ஜெனரேட்டர் ஓடத் தொடங்குவதற்கு முன்பும் அந்தக் கருவி நிற்கவில்லையே! சரியான விடையைத் தேடப் போய், ஒரு மருத்துவமனை தன் மின்சாரத்தையும் தண்ணீரையும் எப்படிக் கையாள்கிறது என்பதைப் படிக்க நேர்ந்தது. மின் சிக்கனம் பற்றி இத்தனை ஆண்டுகளாக வகுப்பில் நான் சொல்லி வந்ததில் ஒரு குறை இருப்பதும் அப்போது புரிந்தது. "வெளியே போகும்போது சுவிட்சை அணை" என்பதோடு நிறுத்தி விடுகிறோம். மருத்துவமனையில் அந்த ஒரு வரி போதாது. அங்கே சிலவற்றை ஒருபோதும் அணைக்க முடியாது.

மூன்று பட்டியல்கள்

மருத்துவமனையில் மின்சாரத்தால் ஓடும் பொருள்களை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் எல்லாம் தெளிவாகிறது.

முதல் பட்டியல், நிற்கக் கூடாதவை. செயற்கைச் சுவாசக் கருவி, அறுவை அரங்கின் விளக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்காணிப்புக் கருவிகள், பச்சிளங் குழந்தைகளுக்கான வெதுவெதுப்புப் படுக்கை போன்றவை. இவற்றில் பலவற்றுக்கு யு.பி.எஸ். இணைப்போ கருவிக்குள்ளேயே பேட்டரியோ இருக்கும். மின்தடை ஏற்பட்டதும் பேட்டரி தாங்குகிறது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் சுமை அதற்கு மாறுகிறது. மாணவனின் கேள்விக்கு இதுதான் விடை.

இரண்டாவது, சற்றுக் காத்திருக்கக் கூடியவை. தண்ணீர் மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம், கருவிகளை நுண்ணுயிர் நீக்கம் செய்யும் ஆட்டோகிளேவ் ஆகியவை. இவை கட்டாயம் தேவை; ஆனால் இந்த நிமிடமே ஓட வேண்டும் என்பதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி மருந்துகளை வைக்கும் ஐ.எல்.ஆர். என்னும் குளிர்ப்பெட்டியும் இந்த வகைதான். அதன் உட்சுவரைச் சுற்றிப் பனிக்கட்டி உறைந்திருக்கும். மின்சாரம் நின்றாலும் அந்தப் பனிக்கட்டி உருகும்போது வெப்பத்தை உறிஞ்சி, உள்ளே 2 முதல் 8 டிகிரி வரையிலான வெப்பநிலையைக் காக்கிறது. நாள் ஒன்றுக்குத் தொடர்ந்து 8 மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலே போதும் என்ற வகையில் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. உள்ளுறை வெப்பத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வகுப்பில் சொல்லக் கிடைக்குமா?

மூன்றாவது, தேவையில்லாமல் ஓடுபவை. ஆளில்லாத அறையின் ஏ.சி., பட்டப்பகலில் எரியும் தாழ்வார விளக்கு, நிரம்பி வழியும் மேல்நிலைத் தொட்டிக்கு ஓடும் மோட்டார், இரவெல்லாம் விழித்திருக்கும் அலுவலகக் கணினி.

முதல் பட்டியலைக் காப்பது, இரண்டாவதை நேரம் மாற்றுவது, மூன்றாவதை நிறுத்துவது. மருத்துவமனையின் மின் மேலாண்மை முழுவதும் இதற்குள் அடங்கிவிடும்.

சேமிப்பு என்றால் நேரம்

மூன்றாவது பட்டியலைக் குறைத்தால் பணம் மிச்சமாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. எளிய கணக்கு: ஒரு பிரிவின் பேட்டரியில் 6 யூனிட் மின்சாரம் இருக்கிறது. அதோடு இணைந்த சுமை 2 கிலோவாட் என்றால் 3 மணி நேரம் தாங்கும். பழைய குழல்விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றி, அந்த இணைப்பில் தேவையின்றிச் சேர்ந்திருந்தவற்றைப் பிரித்து, சுமையை 1.2 கிலோவாட்டாகக் குறைத்தால் அதே பேட்டரி 5 மணி நேரம் தாங்கும். ஜெனரேட்டர் பழுதான ஓர் இரவில் அந்த 2 மணி நேரத்தின் மதிப்பை ரூபாயில் சொல்ல முடியாது.

ஜெனரேட்டரும் விலை மலிந்ததல்ல. ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 3 முதல் 3.5 யூனிட் மின்சாரம்தான் கிடைக்கும். டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிய நிலையில், எரிபொருளுக்கு மட்டுமே ஒரு யூனிட்டுக்கு 25 ரூபாய்க்கு மேல் ஆகிறது. மின்தடை நேரத்தில் வீணாகச் சுழலும் மின்விசிறி மற்ற நேரத்தைவிடப் பல மடங்கு செலவு வைக்கிறது.

முதலில் எதை மாற்றுவது?

பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. வகை மின்விசிறிக்கு 30 வாட் போதும். ஒரு மருத்துவமனையில் 50 மின்விசிறிகள் நாளுக்கு 20 மணி நேரம் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் 45 வாட் வீதம் 50 மின்விசிறிகளுக்கு 2.25 கிலோவாட், நாளுக்கு 45 யூனிட், ஆண்டுக்கு 16,425 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் எனக் கொண்டால் 1,31,400 ரூபாய். ஒரு மின்விசிறி 3,000 ரூபாய் என்றால் மொத்தச் செலவு 1,50,000 ரூபாய். போட்ட பணம் ஏறத்தாழ 14 மாதங்களில் திரும்பிவிடும்.

அதே மின்விசிறியை நம் வகுப்பறையில் மாட்டினால்? நாளுக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் என்றால் 1,200 மணி நேரம்தான் ஓடும். ஒன்றுக்கு ஆண்டில் 54 யூனிட், அதாவது 432 ரூபாய் மிச்சம். போட்ட பணம் திரும்ப ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஆகும். பொருள் ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். ஓடும் நேரம்தான் வேறு. எனவே, எது அதிக வாட் எடுக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. வாட்டையும் ஓடும் மணி நேரத்தையும் பெருக்கிப் பார்த்து, பெரிய விடை வரும் இடத்தில் முதலில் கைவைக்க வேண்டும். பள்ளியில்கூட வகுப்பறையைவிட இரவெல்லாம் எரியும் வெளிவிளக்குதான் முதலில் மாற்ற வேண்டியதாக இருக்கலாம்.

குளிரும் காற்றும்

பெரிய மருத்துவமனைகளில் மின்சாரத்தின் பெரும்பங்கு ஏ.சி.க்கும் காற்றோட்டத்துக்கும் போகிறது. அறை ஏ.சி.யின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் அதன் மின்செலவு ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும் என்கிறது மத்திய அரசின் ஆற்றல் திறன் பணியகம். 2020 ஜனவரி முதல், நட்சத்திரக் குறியீடு பெறும் அறை ஏ.சி.கள் ஆலையிலிருந்து வரும்போதே 24 டிகிரியில் அமைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி.

அறுவை அரங்குக்கு மட்டும் தனிக் கணக்கு. அங்கே காற்று வெறும் குளிர்ச்சிக்காக ஓடுவதில்லை. கிருமிகள் காயத்தில் படியாமல் தள்ளிவிடவும் ஓடுகிறது. மருத்துவமனைகளுக்கான தேசிய அங்கீகார வாரியத்தின் வழிகாட்டுதல்படி அரங்கின் காற்று மணிக்குக் குறைந்தது 20 முறை மாற வேண்டும். அறுவை நடக்காத நேரத்திலும் காற்றை ஊதும் இயந்திரத்தை நிறுத்தக் கூடாது. "யாரும் இல்லையே" என்று அதை அணைப்பவர் சிக்கனம் செய்யவில்லை, தொற்றுக்கு வழி திறக்கிறார்.

ஆனால் வழி இல்லாமல் இல்லை. அறுவை இல்லாத நேரத்தில் குளிர்ச்சியைத் தளர்த்தலாம். வேகத்தை மாற்றும் கருவி பொருத்தி, ஊதியின் வேகத்தைக் குறைக்கலாம். இங்கே ஓர் அழகான இயற்பியல் விதி துணைக்கு வருகிறது. ஊதிக்குத் தேவைப்படும் திறன் அதன் வேகத்தின் மும்மடிக்கு நேர்த்தகவில் இருக்கும். வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால் 0.8 × 0.8 × 0.8, அதாவது 0.512. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகிறது. "மும்மடி எதுக்குங்க சார் படிக்கணும்?" என்று கேட்கும் எட்டாம் வகுப்புக்கு இதை நான் இப்போது சொல்லி வருகிறேன்.

பொது வார்டுகளிலும் காத்திருப்புக் கூடங்களிலும் சன்னலே பெரிய கருவி. பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளியானது. சன்னல்களையும் கதவுகளையும் திறந்துவைத்த அறைகளில் காற்று மணிக்கு ஏறத்தாழ 28 முறை மாறியது. தொற்று அபாயமுள்ள அறைகளுக்கு இயந்திரக் காற்றோட்டத்தில் பரிந்துரைக்கப்படும் 12 முறையைவிட இது இரு மடங்குக்கும் அதிகம். உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்கள் புதியவற்றைவிடச் சிறப்பாக இருந்தன. காசநோய் போலக் காற்றில் பரவும் நோய்களைத் தடுக்க இது செலவில்லாத வழி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாசலுக்கே வரும் நம் ஊரில், அதைக் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டு ஏ.சி. வாங்குவது யோசிக்க வேண்டிய செலவு. வயல்களில் காற்றாலையைச் சுழற்றுவதும் இதே காற்றுதானே.

தண்ணீரும் மின்சாரமே

100 படுக்கைகள் வரையுள்ள மருத்துவமனைக்குப் படுக்கை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 340 லிட்டர் தண்ணீர் தேவை என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் அளவு. 30 படுக்கைகளுக்கு 10,200 லிட்டர். கொங்கு நாட்டில் போர்வெல் தண்ணீர் எவ்வளவு ஆழத்திலிருந்து வருகிறது என்பதை விவசாயி வீட்டுப் பிள்ளைகளே சொல்வார்கள். 200 மீட்டர், அதாவது ஏறத்தாழ 650 அடி என்று வைப்போம். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 2 கோடி ஜூல். 36 லட்சம் ஜூல் ஒரு யூனிட் என்பதால் இது 5.5 யூனிட். மோட்டாரின் பயனுறுதிறன் 40 விழுக்காடு எனக் கொண்டால் நாளுக்கு ஏறத்தாழ 14 யூனிட் செலவாகும்; ஆண்டுக்கு 5,000 யூனிட்டுக்கு மேல். குழாய் ஒழுக்கிலும் தொட்டி வழிவதிலும் அதில் ஐந்தில் ஒரு பங்கு போனால், ஆண்டுக்கு 1,000 யூனிட் சாக்கடையில் ஓடுகிறது. ஒழுகும் குழாய்க்கு மாற்றும் வாஷரின் விலை சில ரூபாய்தான்.

எப்போது ஓடுகிறது என்பதும் கணக்கு

உயரழுத்த இணைப்புள்ள பெரிய மருத்துவமனைகள் பயன்படுத்திய யூனிட்டுக்கு மட்டும் பணம் கட்டுவதில்லை. மாதத்தில் ஒரே நேரத்தில் அதிகபட்சமாக எவ்வளவு சுமை ஏறியது என்பதையும் மின்வாரியம் பார்க்கிறது. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. காலை 9 மணிக்கு ஆட்டோகிளேவ் 12 கிலோவாட், சலவை இயந்திரம் 10 கிலோவாட், மோட்டார் 8 கிலோவாட் என மூன்றும் சேர்ந்து ஓடினால் 30 கிலோவாட் ஏறும். ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் எந்த நேரத்திலும் 12-ஐத் தாண்டாது. யூனிட் குறையவில்லை, பில் குறைகிறது. இரண்டாவது பட்டியலின் பயன் இதுதான். வேலை நேர அட்டவணையை மாற்றி எழுத ஒரு பேனா போதும்.

மதுரையில் பிறந்த ஒரு பாடம்

இந்த எண்ணங்களெல்லாம் சேர்ந்து செயல்படும் இடம் ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று கோவை உள்படப் பல ஊர்களில் இயங்குகிறது. அங்கே நடக்கும் கண்புரை அறுவை பற்றிய ஆய்வு 2017-இல் வெளியானது. ஓர் அறுவைக்கு உண்டாகும் கழிவு 250 கிராம். வெளியாகும் பசுங்குடில் வாயுக்கள் கார்பன் டை ஆக்சைடு அளவில் ஏறத்தாழ 6 கிலோ. பிரிட்டனில் இதே அறுவைக்கு ஆவதில் இது ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே. சிகிச்சையின் பலன் அதற்கு இணையாகவே இருந்தது.

எப்படி முடிந்தது? ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருள்களுக்குப் பதில், நுண்ணுயிர் நீக்கம் செய்து மீண்டும் பயன்படுத்தும் கருவிகளே அங்கு பெரும்பாலும் பயன்படுகின்றன. ஓர் அரங்கில் இரண்டு மேசைகள் இருக்கும். ஒரு மேசையில் அறுவை முடியும்போது அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். அரங்கின் விளக்கும் ஏ.சி.யும் வீணாகக் காத்திருக்கும் நேரம் குறைகிறது. ஒரு மணி நேர மின்சாரம் பல நோயாளிகளுக்குப் பங்கிடப்படுகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, அளக்கும் முறை. மாத பில் குறைந்ததா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நோயாளிகள் வராத மாதத்திலும் பில் குறையும். நோயாளி ஒருவருக்கு எத்தனை யூனிட் என்று பார்ப்பதே சரியான அளவு. பள்ளிக்கும் இது பொருந்தும். கோடை விடுமுறையில் குறைந்த பில் நம் சிக்கனத்தின் சான்று ஆகாது.

சூரியத் தகடு பற்றி ஒரு தவறான எண்ணம்

"எல்லாவற்றுக்கும் சோலார் போட்டுவிட்டால் போதும்" என்று சொல்வோர் உண்டு. ஒரு கிலோவாட் தகடு தமிழ்நாட்டில் நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். நிழல் விழாத 100 சதுர அடி இடம் வேண்டும். நல்ல முதலீடுதான். ஆனால் பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைத்த சூரிய அமைப்பு, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் பழுது பார்க்கும் ஊழியரின் உயிரைக் காக்கவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். மின்தடையிலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரி தேவை. பேட்டரிக்குச் செலவு அதிகம். எனவே வீணாவதை முதலில் குறைத்து, மிஞ்சிய தேவைக்குத் தகடு போடுவதே முறை.

மின்சாரமே நிலையாகக் கிடைக்காத இடங்களில் கதை வேறு. சத்தீஸ்கரின் ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பற்றி 2017-இல் வெளியான ஆய்வில், சூரிய மின்சாரம் உள்ள நிலையங்களில் நடந்த பிரசவங்கள் அது இல்லாத நிலையங்களைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தன. அங்கே மின்சாரம் என்பது சேமிக்கும் பொருளாவதற்கு முன், கிடைக்க வேண்டிய பொருள்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

மாணவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத் தேவையில்லை. மின்பலகையைத் திறக்கவோ தொடவோ எந்த வகுப்பையும் அனுமதிக்கக் கூடாது. பள்ளியும் வீடும் போதும்.

தொடக்க வகுப்புகளில் படஅட்டைகளைக் கொடுத்து, "நிற்கக் கூடாதவை, காத்திருக்கக் கூடியவை, தேவையில்லாமல் ஓடுபவை" என்று மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்லலாம். பிள்ளைகள் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைதான் பாடம். தெருவிளக்கு எந்தக் குவியல்? இரவில் ஒன்று, பகலில் வேறொன்று என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

நடுநிலை வகுப்புகளில் ஒரு வாரம் பள்ளியின் மின் அளவியைத் தினமும் ஒரே நேரத்தில் பார்த்துக் குறிக்கச் செய்யலாம். அன்றைய வருகைப் பதிவால் வகுத்தால், மாணவர் ஒருவருக்கு எத்தனை யூனிட் என்பது வரும். சனி, ஞாயிறு அளவையும் பார்க்க மறக்க வேண்டாம். யாரும் இல்லாத நாளில் ஓடும் எண்கள் மூன்றாவது பட்டியலைக் காட்டிக்கொடுக்கும்.

பத்தாம் வகுப்பில் மின்திறன், மின் ஆற்றல் நடத்தும்போது மேலே உள்ள மின்விசிறிக் கணக்கையும் போர்வெல் கணக்கையும் அப்படியே போடலாம். டிசம்பர் 14, தேசிய ஆற்றல் சேமிப்பு நாள். அன்று முழக்கங்களோடு, ஒரு வார அளவீட்டு வரைபடத்தையும் இறைவணக்கக் கூட்டத்தில் வைத்துப் பேசச் சொன்னால் பயன் கூடும்.

அந்த மாணவனின் அம்மாயி நலமாக வீடு திரும்பினார். வீட்டுக்கு மூன்று பட்டியல் எழுதி வரச் சொன்னபோது, பெரும்பாலான பிள்ளைகள் முதல் பட்டியலை வெறுமையாக விட்டிருந்தார்கள். அவன் மட்டும், "அம்மாயியின் இன்சுலின் ஊசி மருந்து இருக்கும் பிரிட்ஜ்" என்று எழுதியிருந்தான். மூன்றாவது பட்டியலில் என்ன என்று கேட்டேன்.

"அம்மாயி தூங்கினப்புறமும் ஓடற டி.வி.ங்க சார். இப்ப நான்தான் அமத்தறேன்" என்றான்.